ஐந்து கிராம் களிம்பும் தாய்மாமன் மடியும்

2023 ஆகஸ்ட் 16, புதன்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. எங்கள் ஊரான குளுவாங்கின் வானம் இன்னும் வெளுக்கவில்லை. கூரை விளிம்பு சொட்டிக்கொண்டிருந்தது. குளித்துவிட்டு முகம் துடைக்கும்போது கண்ணாடியில் அதைப் பார்த்தேன். என் நெற்றியின் நட்டநடுவில், பச்சைப்பயறு அளவில், நீர் கோத்த ஒரு கொப்புளம்.

எழுபத்தொரு வயதில் உடம்பில் புதிதாக எது முளைத்தாலும் நான் முதலில் மோசமான காரணத்தை யோசிப்பேன், பிறகு அதைவிட மோசமானதை. அன்று பசியாறி முடிப்பதற்குள் நான்கு வியாதிகள் எனக்கு வந்து போய்விட்டன. மனைவி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். கொசு கடித்திருக்கும், தூக்கத்தில் சொறிந்திருப்பீர்கள் என்று சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பப் போய்விட்டாள். நாற்பத்து நான்கு வருடத்தில் என்னுடைய எந்த வியாதியும் அவளுடைய ஒரு தோசையையும் கருக விட்டதில்லை. நானும் வழக்கம்போல் பூசை அறையில் விளக்கேற்றி, திருநீறு பூசிக்கொண்டு, செய்தித்தாளோடு உட்கார்ந்தேன்.

மறுநாள் கொப்புளம் உடைந்து, அதன்மேல் தேன் காய்ந்தது போல மஞ்சள் பொருக்கு கட்டியிருந்தது. அன்று சாயங்காலம் பார்த்துத்தான் என் தங்கை மகள் செனாயிலிருந்து வீடியோவில் அழைத்தாள்.

அவள் மருத்துவமனையில் தாதி. தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவள். தன் பதினோரு மாதப் பெண் குழந்தைக்குக் காது குத்த நாள் பார்த்தாகிவிட்டது என்று சொல்லத்தான் அழைத்திருந்தாள். செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள், வீட்டிலேயே.

காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். குழந்தைக்குத் தோடு வாங்கிக் கொடுப்பதும் அவர்தான். தங்கை மகளுக்குக் கூடப் பிறந்த ஆண்பிள்ளை இல்லை. அதனால் அந்த உரிமை ஒரு தலைமுறை மேலேறி, அவளுடைய தாய்மாமனான என்னிடம் வந்து நின்றது. முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்குக் காது குத்தியபோதும் என் மடிதான். எனக்கும் மனைவிக்கும் பிள்ளைகள் இல்லை. ஒரு குழந்தையை ஊர் பார்க்க என் மடியில் உட்கார வைக்கும் சடங்கு இதற்குப் பிறகு எனக்கு வரப்போவதில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மனைவிக்குச் சொல்லாமலே தெரியும்.

நாளைச் சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"மாமா, போன கொஞ்சம் கிட்ட கொண்டு வாங்க. நெத்தில என்ன அது?"

"கொசு கடி."

"கொசு இல்ல மாமா. மஞ்சளா பொருக்கு கட்டியிருக்கு பாருங்க, இது பாக்டீரியா. தொட்டா ஒட்டிக்கும். டாக்டர்ட்ட காட்டி மருந்து போடுங்க. அன்னிக்குக் காலைல நானே பாப்பேன். காஞ்சிருந்தா மடி உங்களுக்கு. இல்லன்னா சிகாமட் மாமா உக்காரட்டும்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நோயாளிகளிடம் பேசிப் பழகிய குரல் அது; எதிர்த்துப் பேச இடம் கொடுக்காது.

சிகாமட் மாமா என்பவர் சிகாமட் ஊரில் இருக்கும் என் பெரியப்பா மகன். என்னைவிடப் பதினோரு நாள் மூத்தவர். அந்தப் பதினோரு நாளை வைத்துக்கொண்டு எழுபத்தொரு வருடமாக என்னைத் தம்பி என்று கூப்பிட்டு வருகிறார். முறைப்படி அவரும் தங்கைக்கு அண்ணன், அதனால் அவரும் தாய்மாமன்தான். போன தடவை மடி எனக்குக் கிடைத்ததை அவர் இன்னும் மறக்கவில்லை. அன்றைக்கு அவர் கட்டியிருந்த வேட்டியின் கரை நிறம் வரை நினைவு வைத்துக்கொண்டு சொல்வார்.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில் இருக்கும் கிளினிக்கில் முதல் ஆளாக நின்றேன். டாக்டர் இளம் வயது மலாய்ப் பெண். பார்த்த உடனே, பயப்பட ஒன்றுமில்லை, தோலின் மேல்பரப்பில் வரும் தொற்று, பெரும்பாலும் குழந்தைகளுக்குத்தான் வரும் என்றார். அந்தக் கடைசித் தகவலை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம். ஐந்து கிராம் டியூப் ஒன்றில் ஆன்டிபயாட்டிக் களிம்பு கொடுத்தார். கையைக் கழுவ வேண்டும். சோப்புத் தண்ணீரில் பொருக்கை ஊறவைத்து மெதுவாக எடுக்க வேண்டும். மெல்லிசாக ஒரு பூச்சு, ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஏழு நாள். பாதியில் நன்றாகிவிட்டாலும் நிறுத்தக் கூடாது. துண்டை யாரோடும் பங்கு போடக் கூடாது. மேலே வேறு எதையும் தடவக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். செம்பனைத் தோட்டத்து அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் கிராணியாக இருந்து, லாரி லாரியாகப் போன குலைகளை எண்ணிக் கணக்கு எழுதியவன் நான். எனக்கு விதிமுறைகள் பிடிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் களிம்பைப் பங்கு போட்டேன். ஏழு மூன்று இருபத்தொன்று. ஐந்து கிராமை இருபத்தொன்றால் வகுத்தால் ஒரு வேளைக்கு எவ்வளவு வரும் என்பதை ஒரு பட்டாணியோடு ஒப்பிட்டு மனதில் பதிய வைத்துக்கொண்டேன். கைபேசியில் மூன்று அலாரம் வைத்தேன். மதிய அலாரம் அடிக்கும்போதெல்லாம் மனைவி சமையலறையிலிருந்து, "மகாராஜாவுக்கு அபிஷேக நேரம்" என்று சொல்வாள். எனக்கென்று தனித் துண்டுகள் ஆறு வாங்கினேன், எல்லாம் நீல நிறம். தலையணை உறையைத் தினமும் மாற்றச் சொன்னேன். மூன்றாம் நாள் அவள், உறையை மாற்றுகிற கை எனக்கும் இருக்கிறது என்று நினைவூட்டியதால் அந்த வேலையை நானே ஏற்றுக்கொண்டேன்.

இவ்வளவு ஒழுங்குக்கும் அந்தப் புண் மதிப்பே கொடுக்கவில்லை. திங்கட்கிழமை அதற்கு இடது பக்கத்தில் இன்னொன்று வந்தது. புதன்கிழமை வலது பக்கத்தில் ஒன்று. மூன்றும் ஒரே வரிசையில், அளவெடுத்து நட்ட கன்றுகள் போல.

சிகாமட்டிலிருந்து தினமும் போன் வந்தது. வருடத்துக்கு இரண்டு தடவை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் கூப்பிடுகிறவர் அவர்.

"தம்பி, நெத்தி எப்படி இருக்கு?"

"பரவாயில்ல."

"பரவாயில்லன்னா? ஒன்னா, ரெண்டா?"

நான் மூன்று என்று சொல்லவில்லை. களிம்பு வேலை செய்கிறது என்றேன். அவர், உடம்பைப் பார்த்துக்கொள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எழுத்தில் இது பாசமாகத்தான் தெரியும். காதில் விழுந்தது அப்படி இல்லை.

டியூப்பின் காலாவதித் தேதியைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. தண்ணீரைச் சந்தேகித்தேன், சோப்பைச் சந்தேகித்தேன், தலையணைப் பஞ்சைச் சந்தேகித்தேன். கடைசியில் டாக்டரையே சந்தேகித்தேன். அவருக்கு இன்னும் வயது போதவில்லை என்று பட்டது. மனைவிக்குப் பொறுமை போயிற்று.

"காயலன்னா விடுங்க. அவர் உக்காருவாரு, அவரே தோடும் வாங்குவாரு. உங்களுக்குக் காசு மிச்சம். நீங்க செலவு பண்றதுக்காகவா இப்படி அடிச்சிக்கிறீங்க?"

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது கணக்குப்படி சரி. அன்று சாயங்காலம் நகைக்கடைக்குப் போய் ஒரு ஜோடித் தோட்டுக்கு விலை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன். ஒன்றரை கிராம், சின்னப் பூ வேலைப்பாடு. இப்போதே வாங்கி வைத்து, புண் காயாமல் போனால், திருப்பிக் கொடுக்கும்போது கடைக்காரர் செய்கூலியைக் கழித்துக்கொள்வார். நெற்றியின் தீர்ப்பு வரட்டும் என்று விட்டுவிட்டேன். எங்கள் குடும்பத்தில் காது குத்த வரும் ஆசாரிகள் எல்லாரும் மடியில் நாலைந்து ஜோடித் தோடு கட்டிக்கொண்டுதான் வருவார்கள். அன்றைக்கே அவரிடம் எடுத்துக்கொள்ளலாம்.

ஏழு நாள் முடிந்து, 26ஆம் தேதி சனிக்கிழமை மறுபடியும் கிளினிக்குக்குப் போனேன். காலி டியூப்பையும் கொண்டு போயிருந்தேன். இருபத்தொரு வேளையும் தவறாமல் போட்டிருக்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் குற்றச்சாட்டு இருந்தது. அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்:

"அங்கிள், இதுக்கு மேல வேற என்ன போடுறீங்க?"

ஒன்றும் இல்லை என்றேன். சத்தியமாகச் சொன்னேன்.

அவர் ஈரப் பஞ்சை எடுத்து என் நெற்றியைத் துடைத்துப் பார்த்தார். பிறகு பஞ்சை என் கண்முன் நீட்டினார். சாம்பல் நிறத்தில், சிமெண்டுப் பூச்சு போல ஒரு பசை.

அது திருநீறு என்றேன். அதை நான் போடுவதாக எண்ணியதே இல்லை. சட்டையைப் போடுகிறோம், செருப்பைப் போடுகிறோம், களிம்பைப் போடுகிறோம். திருநீறு நெற்றியில் இருப்பது, அவ்வளவுதான். யாராவது என்னிடம் முகத்தில் என்ன தடவுகிறாய் என்று கேட்டால் மூக்கைக் கணக்கில் சேர்ப்பேனா?

டாக்டர் சிரிக்கவில்லை. எத்தனை தடவை பூசுவீர்கள் என்றார். இந்தக் கேள்விக்குத்தான் நான் வாழ்நாள் முழுக்கத் தயாராகியிருந்தேன். காலையில் குளித்ததும், பசியாறி வெளியே கிளம்பும்போது, கோயில் வாசலில், திரும்பி வந்து கைகால் கழுவியதும், சாயங்காலம் விளக்கேற்றும்போது, படுக்கப் போகும்போது. ஆறு என்றேன், பெருமையாக. சொல்லி முடிப்பதற்குள் எனக்கே கணக்கு விளங்கிவிட்டது. மருந்து மூன்று தடவை, அதன்மேல் சாம்பல் ஆறு தடவை. களிம்பின் பிசுக்கில் திருநீறு அந்த வாரம் முழுவதும் அழியாமல், வெள்ளை வெளேரென்று நின்றதை நான் கண்ணாடியில் பார்த்து ரசித்துக்கொண்டுமிருந்தேன்.

எந்த விரல் என்று கேட்டார். மூன்று விரலைக் காட்டினேன். முதலில் புண் இருந்த இடத்தில் இழுபடும் அதே மூன்று விரல்தான் திரும்பவும் டப்பாவுக்குள் போகும். மறுவேளை அங்கிருந்து எடுத்து நெற்றியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுக்கும். புண்கள் ஏன் வரிசையாக வந்தன என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. என் மூன்று கோட்டின் நடுக்கோட்டிலேயே அவை நின்றன.

அவர் திருநீற்றைக் குறை சொல்லவில்லை. புண்ணின் மேல் எது போட்டாலும் இதே கதைதான், பவுடராக இருந்தாலும் சரி என்றார். பூசுவதற்கு வேறு இடம் இருக்கிறதா என்று கேட்டார். தோள், மார்பு, முழங்கை, மணிக்கட்டு என்று நான் அடுக்கியதும், அவர் முகத்தில் முதல் தடவையாக ஆச்சரியம் தெரிந்தது. அப்படியானால் நெற்றிக்கு ஏழு நாள் விடுமுறை கொடுங்கள் என்றார். புதிய டியூப், கிருமிநாசினி சோப்பு, புதிய திருநீறு. பழைய டப்பாவைக் காலி செய்ய வேண்டும்.

அந்த டப்பாவில் இருந்தது சாதாரணத் திருநீறு இல்லை. பெரியப்பா மகன் பழனிக்குப் போய் வந்தபோது எனக்கென்று வாங்கி வந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதைப் பற்றி யோசித்தேன். ஜூலையில் கொடுத்தார், ஆகஸ்டில் புண், செப்டம்பரில் மடி. மனைவியிடம் என் ஊகத்தைச் சொன்னேன். அவள் டப்பாவை வாங்கி, செம்பருத்திச் செடியடியில் கொட்டி, வெந்நீரில் கழுவி வெயிலில் கவிழ்த்தாள்.

"அவர் பழனில வாங்கினாரு, நீங்க நகத்துல வச்சிருந்தீங்க. யாரு மேல கேஸ் போடுறது?"

வெறும் நெற்றியோடு ஊருக்குள் நடப்பது எப்படி இருக்கும் என்று அந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன். பத்து வயதிலிருந்து நான் அப்படி வெளியே போனதில்லை. திருநீற்றுக்கு அடியில் என் நெற்றியில் ஐந்து சுருக்கங்கள் இருந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று பாதியில் நின்றுவிடுகிறது. மார்க்கெட்டில் மீன் விற்கும் பெண்மணி என்னை அடையாளம் தெரியாமல் முழு விலை சொன்னார். கோயிலில் குருக்கள் தட்டை நீட்ட, நான் திருநீற்றைத் தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்; அவர் என்னைவிட அதிகமாகக் கவலைப்பட்டார். ஒட்டுக்கடையில் என்னோடு தினமும் தேத்தண்ணி குடிக்கும் பழைய லாரி ஓட்டுநர் ஒருவர் கேட்டார்.

"என்ன கிராணி, நெத்தி காலியா கிடக்கு? வாடகைக்கு விடுறீங்களா?"

மேசையில் இருந்த நான்கு பேரும் ஆளுக்கொரு வாடகை சொன்னார்கள். நான் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஆனால் காய்ந்தது. இரண்டாம் நாளே மஞ்சள் கசிவு நின்றது. நான்காம் நாள் இடது புண் உதிர்ந்து, அடியில் ரோஜா நிறத்தில் புதுத்தோல் தெரிந்தது. ஆறாம் நாள் வலது. நடுவில் இருந்தது மட்டும் சனிக்கிழமை சாயங்காலம் வரை ஒரு எள் அளவுக்குப் பிடித்துக்கொண்டிருந்தது. பிய்த்துவிடலாமா என்று விரல் துடித்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆறே முக்காலுக்கு நாங்கள் செனாய் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கூடாரம் போட்டு நாற்காலி அடுக்கியிருந்தார்கள். பெரியப்பா மகன் எனக்கு முன்னாலேயே வந்து, பட்டு வேட்டியில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் அவ்வளவு பெரிய பட்டையை நான் பார்த்ததில்லை. என் வெறும் நெற்றியைப் பார்த்து எழுந்தே வந்துவிட்டார்.

தங்கை மகள் என்னைச் சன்னலோரம் நிறுத்தி, கைபேசி விளக்கை அடித்து நெற்றியைப் பார்த்தாள். இவரும் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"நடுவுல சிவப்பா இருக்கே" என்றார்.

"அது புதுத் தோலு மாமா."

"இருந்தாலும், சின்னப் புள்ள பாரு..."

அவள் விளக்கை இன்னும் கிட்ட கொண்டுவந்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன், எதற்கென்று தெரியாது. அந்த எள் எப்போது உதிர்ந்ததோ, காரிலா, வேட்டி மாற்றும்போதா, அதுவும் தெரியாது. அங்கே அது இல்லை.

"காஞ்சிருச்சு மாமா. கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்து உக்காருங்க."

உட்கார்ந்தேன். குழந்தையை மடியில் வைத்தார்கள். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தாள். என் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டு, நான் யார் என்று அண்ணாந்து பார்த்தாள். ஆசாரி ஊசியைத் துடைத்துவிட்டு என்னிடம் கையை நீட்டினார். தோடு.

நீங்கள் கொண்டு வரவில்லையா என்றேன். அந்த வழக்கமெல்லாம் போய்ப் பல வருடமாயிற்று, இப்போது எல்லாரும் கடையில்தான் வாங்கி வருகிறார்கள், தான் குத்துவதற்கு மட்டும்தான் வருவது என்றார். மணி ஏழு ஐம்பது. நகைக்கடை பத்துக்குத் திறக்கும். ஒன்பதுக்கு நல்ல நேரம் முடிகிறது. மனைவி என்னைப் பார்த்த பார்வையில் நாற்பத்து நான்கு வருடமும் இருந்தது.

பெரியப்பா மகன் சட்டைப்பையிலிருந்து ஒரு சிவப்புப் பெட்டியை எடுத்தார். என் நெற்றி தோற்றுப்போனால் உடனே உட்காருவதற்குத் தயாராக வந்திருந்தார். தோடு கனமானது. ஜோடி மூன்று கிராமுக்கு மேல், சிவப்புக் கல் வைத்தது.

"வச்சுக்க தம்பி. காசு வேணாம்."

காசு வேண்டாம் என்றால் சீர் அவருடையதாகிவிடும். மடி என்னுடையது, தோடு அவருடையது என்று இன்னும் முப்பது வருடம் சொல்வார். எனக்கு வேண்டும், ஆனால் விலைக்குத்தான் என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். அவருக்கும் மடி வேண்டியிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்கு நான்கு பையன்கள், ஏழு பேரன்கள். அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை இல்லை.

"ரசீது பெட்டிக்குள்ளேயே இருக்கு" என்றார். பிறகு குனிந்து குழந்தையின் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார். நான் அவருக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

முதல் காதுக்குக் குழந்தை திகைத்துப்போய் வாயைத் திறந்தாள். இரண்டாவது காதுக்குத்தான் சத்தம் வந்தது. அவள் உதறிய உதறலில் அவள் நெற்றித் திருநீறு என் தாடையில் அப்பியது. கொஞ்ச நேரத்தில் என் புது வேட்டியும் நனைந்தது. அதை நான் மாற்றிக்கொள்ளவில்லை. சாப்பாட்டுப் பந்தி முடியும் வரை அப்படியே இருந்தேன்.

பிறகு கூடாரத்தின் ஓரத்தில் கணக்கைத் தீர்த்தோம். என்னிடம் இருந்தது போதவில்லை. மீதியை மனைவி கைப்பையிலிருந்து எடுத்தாள். எனக்கென்று தனியாக முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். பெரியப்பா மகன் நோட்டுகளை இரண்டு தடவை எண்ணினார். எங்கள் குடும்பத்தில் எண்ணுகிறவன் நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

களிம்பு, சோப்பு, டாக்டர் இரண்டு தடவை, நீலத் துண்டுகள், புதுத் திருநீறு, சிவப்புக் கல் தோடு எல்லாம் சேர்த்து, அந்த ஒரு பச்சைப்பயறு எனக்கு வைத்த செலவு ஆயிரத்து நூற்று நாற்பத்தொன்பது வெள்ளி தொண்ணூறு காசு.